கிரகணத்தில் அறுத்த கண்

பத்மப்ரியாவுக்குத் தொழில் கண் செய்வது. பொம்மைக் கண். கேட்டால் சிரிப்பு வரும், எனக்கும் வந்தது. அவள் கல்யாணமாகிக் கரமனைக்கு வந்த புதிதில், பக்கத்து வீட்டுக்காரி என்ற முறையில் நான் போய் என்ன வேலை பார்க்கிறாய் என்று விசாரித்தேன். அவள் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்து காட்டினாள். உள்ளே பஞ்சின்மேல் மிளகளவில் சில, உளுந்தளவில் சில, எல்லாம் கண்கள். அத்தனையும் என்னையே பார்த்தன. மூடடி அதை என்று சொல்லிவிட்டு, காப்பிகூடக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

பிறகு பழகிவிட்டது. மத்தியான வேளைகளில் போய் உட்கார்ந்து அவள் செய்வதைப் பார்ப்பேன். பாலிமர் கிளே என்று ஒன்று. பெயர்தான் களிமண், மண்ணும் இல்லை, மாவும் இல்லை. பிசைந்தால் மைதா மாதிரி வரும், சுட்டால் கல்லாகிவிடும். கறுப்பு உருட்டு ஒன்று நடுவில். அதைச் சுற்றிக் காப்பிக்கொட்டை நிறத்தில் ஒரு தகடு. அதன்மேல் தேன் நிறத்தில் ஊசி ஊசியாகக் கீற்றுகள். வெளியே ஒரு கருவளையம். எல்லாவற்றையும் சேர்த்து அழுத்தி உருட்டிக்கொண்டே போவாள். முருங்கைக்காய் பருமன் இருந்தது சுண்டுவிரலாகி, கடைசியில் சேமியா அளவுக்கு மெலிந்துவிடும். எவ்வளவு மெலிந்தாலும் உள்ளே இருக்கிற கோலம் கலையாது. அதை ஃப்ரிட்ஜில் வைத்து இறுகவிட்டு, பிளேடால் வில்லை வில்லையாக அறுப்பாள். ஒரு வில்லை ஒரு கருவிழி. வெள்ளை உருண்டைமேல் அதைப் பதித்து, சுட்டு, ஒரு சொட்டுப் பசை விட்டு நீல விளக்கில் காட்டினால் பசை கண்ணாடியாக இறுகும். அப்போதுதான் கண்ணில் ஈரம் வரும், உயிர் வரும்.

ஜோடி சேர்ப்பதுதான் கஷ்டம் என்பாள். இரண்டு கண்ணையும் விளக்குக்கு எதிரே வைத்து, வெளிச்சப் புள்ளி இரண்டிலும் ஒரே இடத்தில் விழுகிறதா என்று பார்ப்பாள். மயிரிழை தப்பினாலும் பொம்மைக்கு மாறுகண். தூக்கி எறிந்துவிடுவாள். பெங்களூரிலும் கொச்சியிலும் கையால் பொம்மை செய்கிறவர்கள் அவளிடம்தான் கண் வாங்கினார்கள்.

அவள் மாமியார் வாலாம்பாளுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. பம்பாயில் ரயில்வே உத்தியோகம் பார்த்த புருஷன் ஓய்வு பெற்றதும், பையனையும் கூட்டிக்கொண்டு இந்தத் தெருவுக்கு வந்தவள். வந்த சில வருஷங்களில் அவரும் போய்விட்டார். எனக்குத் துணைக்கு ஒரு விதவை கிடைத்தாள் என்று நானே அவளிடம் சொல்லியிருக்கிறேன். சாளக்கிராமம் இருக்கிற ஆத்தில் மருமகள் கண்ணைச் சுட்டு அடுக்குகிறாள் என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவாள். ஆனால் மருமகள் வாங்கித் தந்த மிக்ஸியில்தான் அரைப்பாள். பையன் மஹேஷ் கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. காலையில் போனால் விளக்கு வைத்தபிறகுதான் வருவான். நல்ல பையன்தான். நல்ல பையன்களுக்கு இருக்கிற புத்திதான் அவனுக்கும்.

தீபாவளிக்கு மறுநாள் சூரிய கிரகணம் வந்ததே, அந்த வருஷம் பத்மப்ரியா முழுகாமல் இருந்தாள். வயிறு நன்றாகத் தெரிய ஆரம்பித்திருந்தது.

கிரகணத்தில் கர்ப்பிணி எதையும் வெட்டக்கூடாது, கிள்ளக்கூடாது, குத்தக்கூடாது. வெட்டினால் பிள்ளைக்கு எங்கேயாவது பின்னமாகும் என்பார்கள். உங்களுக்கு அதில் நம்பிக்கை உண்டா என்று என்னைக் கேட்டால், அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு என்றால் இல்லை, என் வயிற்றுப் பிள்ளைக்கு என்றால் உண்டு. எல்லோருக்கும் அப்படித்தான், நான் வாய்விட்டுச் சொல்கிறேன்.

வாலாம்பாள் அன்று மருமகளை உள்ளறையில் உட்காரவைத்து ஜன்னலைச் சாத்தினாள். நேரம் பார்த்தது காலண்டரில். எங்கள் வீடுகளில் இரண்டு காலண்டர் தொங்கும். கேஸ் சிலிண்டர் வந்த தேதி எழுத மலையாளக் காலண்டர். திதி, விரதம், ராகுகாலத்துக்குத் தமிழ்க் காலண்டர். அந்தத் தமிழ்க் காலண்டர் வருஷா வருஷம் மாம்பலத்திலிருந்து அவள் தம்பி அனுப்புவது. அதில் போட்டிருந்த நேரப்படி கிரகணம் விட்டது. அதன்படி சூரியாஸ்தமனமும் ஆகிவிட்டது. மருமகளைத் தலைக்குக் குளிக்கச் சொன்னாள், விளக்கேற்றினாள், இனிமேல் உன் வேலையைப் பார் என்றாள். பெங்களூர்க்காரிக்கு மறுநாள் அனுப்பவேண்டிய கண்கள் பாக்கி இருந்தன. பத்மப்ரியா ஃப்ரிட்ஜிலிருந்து உருட்டை எடுத்தாள், பிளேடை எடுத்தாள், அறுத்தாள்.

நான் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தேன். கோவிலில் மணியடிக்கிற நாகேஸ்வரன் தெருவில் வந்தவன், ஈரத்தலையோடு விளக்கு மாடத்தருகே நின்ற வாலாம்பாளைப் பார்த்துவிட்டு நின்றான்.

"என்ன மாமி, அதுக்குள்ள குளிச்சாச்சா? நடை இன்னும் தெறக்கலையே. சூரியன் அதோ தென்னைக்கு மேல நிக்கறதே."

நிமிர்ந்து பார்த்தோம். நின்றுகொண்டுதான் இருந்தது. மாம்பலம் இருக்கிற பட்டணம் கிழக்கே, அங்கே சூரியன் முன்னாலேயே விழுந்துவிடும், மேற்கே இங்கே சாவகாசமாக விழும். காலண்டரில் போட்டிருந்தது பட்டணத்துச் சூரியன். எங்கள் சூரியனைக் கிரகணம் அப்போதும் பிடித்துக்கொண்டுதான் இருந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் பத்மப்ரியாவின் முன்னால் கண்ணாடிப் பலகையில் வில்லைகள் வரிசையாகக் கிடக்கின்றன. எல்லாம் கருவிழி. நகத்தையோ நூலையோ வெட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, வெட்டியது கண்ணை. பிளேடு அவள் கையில் இருந்தபடியே நின்றுவிட்டது. அவள் முகத்தை நான் பார்த்தேன். அந்த முகம் பழையபடி ஆக ரொம்ப நாள் பிடித்தது.

வாலாம்பாள் முதலில் காலண்டரைத் திட்டினாள், பிறகு தம்பியைத் திட்டினாள், விளக்கில் எண்ணெய் தீர்வதற்குள் மருமகளிடம் வந்து சேர்ந்தாள். குளி என்றால் குளித்துவிட்டுச் சும்மா இருக்கக்கூடாதா, உடனே பிளேடைத் தூக்கவேண்டுமா என்று கேட்டாள். நீதானே வேலையைப் பார் என்றாய் என்று நான் கேட்டேன். வேலை என்றால் அரிசி களைகிறது என்றாள்.

அன்று பத்மப்ரியா என்னிடம் வந்து ஒன்றும் ஆகாதில்லையா மாமி என்று கேட்டாள். சூரியனை எலி கொறித்த அளவுகூட இல்லை, இது ஒரு கிரகணமா என்றேன். அவள் நம்பவில்லை. சொன்ன குரலில் எனக்கே நம்பிக்கை இல்லையோ என்னவோ.

அதோடு கண் செய்வதை விட்டுவிட்டாள். டப்பாக்களைப் பரணில் ஏற்றினாள். உடம்பு சரியில்லை என்று வாடிக்கைக்காரர்களுக்கெல்லாம் போனில் சொன்னாள். அறுத்துப்போட்ட வில்லைகளை எறியவும் பயம், வைத்துக்கொள்ளவும் பயம். நான்தான் வாங்கிக்கொண்டுபோய் ஆற்றில் போட்டேன். போட்டபிறகு, ஆற்றில் போட்டது சரியா மாமி, தண்ணீரில் நனைந்தால் ஒன்றும் இல்லையே என்று ஒரு வாரம் கேட்டுக்கொண்டிருந்தாள். காய் நறுக்க மாட்டாள். ஊசியில் நூல் கோக்க மாட்டாள். தோசையைக்கூட விண்டுபோடச் சொல்லி யாரிடமாவது நீட்டுவாள். கிரகணம் போய் மாசமாகிவிட்டதே, இனி என்ன என்றால், தெரியவில்லை, நீங்களே நறுக்கிக் கொடுங்கள் மாமி என்பாள்.

ஸ்கேன் எடுக்கிற இடத்தில் உதடு சரி, விரல் சரி, முதுகெலும்பு சரி என்று சொன்னார்கள். கண் எப்படி என்று இவள் கேட்டிருக்கிறாள். கண் இருக்கிறது, பார்க்குமா பார்க்காதா என்று இந்த மெஷின் சொல்லாது என்று அந்த டாக்டர் பெண் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள். அவள் சிரித்துவிட்டு அடுத்த வயிற்றைப் பார்க்கப் போய்விட்டாள். இவள் அந்தச் சொல்லை வீட்டுக்குக் கொண்டுவந்து சோறும் தண்ணியும் போட்டு வளர்த்தாள்.

மஹேஷாவது சும்மா இருந்தானா? கம்பெனியில் கூட வேலை பார்க்கிறவர்களிடம் இதைச் சொல்லியிருக்கிறான். அவர்கள் சிரித்திருக்கிறார்கள். அதை அப்படியே வந்து இவளிடம் சொன்னான், அவள் பயம் தெளியுமாம். அதற்கப்புறம் அவள் அவனிடம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. தெளிந்துவிட்டாள் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

பெண் குழந்தை பிறந்தது. அனகா என்று பெயர் வைத்தார்கள். பிறந்தபோது இமை இரண்டும் வீங்கி மூடியிருந்தது. எல்லாப் பிள்ளைக்கும் அப்படித்தான் இருக்கும், அது இவளுக்குப் புரியவேண்டுமே. குழந்தை கண்ணைத் திறந்த பிறகுதான் இவள் ஒரு வாய் கஞ்சி குடித்தாள். இரண்டு கண்ணும் கறுப்பு, துடைத்த மாதிரி. அப்பாடா என்று நான் என் வீட்டு வேலையைப் பார்க்கப் போனேன்.

மூன்றாம் மாசம் தாண்டி ஒருநாள் காலை சுவருக்கு அந்தப்பக்கத்திலிருந்து கூப்பிட்டாள். போனேன். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, போன் வெளிச்சத்தை முகத்துக்கு நேரே பிடித்திருந்தாள். பாருங்கள் என்றாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வலது கண்ணில் வெளிச்சப் புள்ளி நடுவில் விழுகிறது, இடது கண்ணில் காதுப்பக்கமாக ஒதுங்கி விழுகிறது, கண் மூக்கை நோக்கித் திரும்பியிருக்கிறது என்றாள். பொம்மையைப் பார்க்கிற மாதிரி பார்க்காதே, இது பிள்ளை என்று அதட்டினேன். பிள்ளை டாக்டரிடம் போனார்கள். சின்னதில் கண் அப்படி இப்படி ஓடும், ஆறு மாசம் வரை பார்க்கலாம் என்று அவர் சொன்னார். அது உண்மைதான், எத்தனையோ பிள்ளைகளுக்கு அப்படி இருந்து நேராகியிருக்கிறது. ஆனால் பார்க்கலாம் என்று அவர் சொல்லிவிட்டார், பார்த்துக்கொண்டிருந்தது இவள்தானே. குழந்தை முழித்திருக்கிற நேரமெல்லாம் வெளிச்சம் பிடித்தாள். குழந்தை சிரித்தால் இவள் சிரிக்க மாட்டாள், புள்ளி எங்கே விழுகிறது என்று பார்ப்பாள். தாயின் முகத்துக்குப் பதில் அந்தப் பிள்ளை பாதி நேரம் ஒரு போனைத்தான் பார்த்தது.

ஆறு மாசம் ஆயிற்று. கண் நேராகவில்லை. இப்போது எனக்கும் தெரிந்தது, தெருவுக்கும் தெரிந்தது. கிரகணம் என்று தெருவில் சொல்லிக்கொண்டார்கள். வாலாம்பாளும் அதையே சொன்னாள். ஆனால் முன்னைப்போல் மருமகளைத் திட்டவில்லை, மெதுவாகச் சொன்னாள். எனக்கு அது அப்போதே உறுத்தியது. வாலாம்பாள் எதையும் மெதுவாகச் சொல்கிறவள் இல்லை.

கண் ஆஸ்பத்திரிக்கு எல்லோருமாகப் போனோம். பை தூக்க நான். டாக்டர் மலையாளி, வயசானவர், பொறுமையாகக் கேட்டார். குடும்பத்தில் யாருக்காவது மாறுகண் இருந்ததா என்றார். பத்மப்ரியா தன் பக்கத்தில் இல்லை என்றாள். மஹேஷ் அம்மாவைப் பார்த்தான். வாலாம்பாள் தலையை ஆட்டினாள், இல்லை. டாக்டர் குழந்தையின் கண்ணில் சொட்டு விட்டு உள்ளே பார்க்கப் போனார். குழந்தை வீறிட்டுத் துள்ளியது, இரண்டு நர்ஸ் பிடித்தும் நிற்கவில்லை. அவர் டார்ச்சை வைத்துவிட்டு யோசித்தார். குடும்பத்தில் இல்லாமல் இவ்வளவு திரும்புகிறது என்றால் கண்ணுக்கு உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று நிச்சயமாகப் பார்த்தாகவேண்டும், அபூர்வமாகக் கட்டி வருவதுண்டு, மயக்க மருந்து கொடுத்துப் பார்க்கலாம், வெள்ளிக்கிழமை வாருங்கள் என்றார்.

"பேடிக்கண்டா மோளே," என்று அவளிடம் சொன்னார்.

பயப்படாதே என்று ஒரு டாக்டர் சொன்னால் யாருக்குத்தான் பயம் போயிருக்கிறது? ஆட்டோவில் வரும்போது பத்மப்ரியா குழந்தையின் இடது கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டே வந்தாள். காற்றுப் படக்கூடாது என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் வாலாம்பாள் நேரே அடுக்களைக்குப் போய்க் கொத்தவரங்காயை எடுத்து வைத்துக்கொண்டு நறுக்க உட்கார்ந்தாள். நான் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். மஹேஷ் வெளியே போனில் லீவு கேட்டுக்கொண்டிருந்தான். பத்மப்ரியா நிலைப்படியில் நின்று, ஆஸ்பத்திரியில் கிளம்பும்போது நர்ஸ் தன்னிடம் சொன்னதை மாமியாருக்குச் சொன்னாள்.

"வெள்ளிக்கிழமை விடிஞ்சா பால் குடுக்கப்படாதாம் அம்மா. தண்ணிகூட இல்லையாம்."

"பச்சைக் கொழந்தை எப்படித் தாங்கும்," என்றாள் வாலாம்பாள், காயைப் பார்த்தபடி. "மஹேஷே அன்னிக்கு பிஸ்கட், பிஸ்கட்னு அந்த வராந்தா முழுக்க..."

அதோடு நின்றாள். கத்தியும் நின்றது.

"என்னிக்கு?" என்றாள் பத்மப்ரியா.

"என்ன என்னிக்கு?"

"மஹேஷ் என்னிக்கு ஆஸ்பத்திரில பட்டினி கெடந்தார்?"

"அது டான்சில் எடுத்தப்போ."

"அவருக்கு டான்சில் எடுக்கவே இல்லையே. போன மாசம் ஜுரத்துல டார்ச் அடிச்சுப் பாத்துட்டு டான்சில் வீங்கிருக்குன்னு தானே டாக்டர் சொன்னார்."

வாலாம்பாள் காயை அள்ளினாள், மறுபடி கொட்டினாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"வாலாம்பா, முழுங்காதே," என்றேன். "தொண்டைல நிக்கறது தெரியறது. துப்பு."

துப்பினாள். மஹேஷுக்கு மூன்று வயசில் இடது கண் மூக்குப்பக்கம் திரும்பியிருந்தது. பம்பாயில் ஆபரேஷன் செய்தார்கள். காலையிலிருந்து பட்டினி போட்டு, பிஸ்கட் கேட்டு அழுத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வராந்தாவில் நடந்தது இவள்தான். கண் நேராகிவிட்டது. அவனுக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை, இவளும் சொல்லவில்லை. கல்யாணத்துக்குப் பெண் தேடுகிற சமயத்தில், சின்ன வயசுப் போட்டோக்களில் முகம் நேரே தெரிகிறதையெல்லாம் எடுத்துக் கிழித்துவிட்டாள். பையனுக்குக் கண்ணில் குறை இருந்தது என்று சொன்னால் யார் பெண் கொடுப்பார்கள் என்றாள்.

பத்மப்ரியா நின்ற இடத்திலேயே நின்றாள்.

"இன்னிக்கு டாக்டர் கேட்டார். நீங்க தலையை ஆட்டினேள்."

"மஹேஷ் பக்கத்துல இருந்தானே. அவன் முன்னால எப்படிச் சொல்றது?"

"பத்து மாசமா நான்தான் அறுத்துட்டேன்னு நெனச்சுண்டிருக்கேன். நான்தான், என் கையாலன்னு. நீங்க தெனம் பாத்துண்டுதானே இருந்தேள்."

வாலாம்பாள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். பிறகு சொன்னதை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. ஆனால் அவள் சொன்னது பொய்யில்லை.

"கிரகணமாத்தான் இருக்கும்னு எனக்கும் தோணித்து. கிரகணமா இருக்கணும்னு சுவாமியை வேண்டிண்டேன்."

இவளுக்கு இருந்தது மகனின் பெயர் கெட்டுப்போகும் என்ற பயம். அதற்காக ஒரு பெண்ணைப் பத்து மாசம் பிளேடுமேல் உட்காரவைத்துவிட்டாள். நான் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டேன். அவற்றை இங்கே எழுதினால் அச்சுப் போடமாட்டார்கள்.

மஹேஷ் உள்ளே வந்தான். அவனிடம் சொன்னது பத்மப்ரியாதான், இரண்டே வரியில். அவன் போய்க் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துவிட்டு வந்தான். ஆண்பிள்ளைக்கு முதலில் தோன்றுவது அது. பிறகு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு டாக்டரிடம் சொன்னான். தெரிந்தது நல்லது, பயம் பாதி குறைந்தது, இருந்தாலும் உள்ளே பார்க்காமல் விடமுடியாது, வெள்ளிக்கிழமை வந்துவிடுங்கள் என்று அவர் சொன்னார். பாதி குறைந்தது என்றால் பாதி இருக்கிறது என்றுதானே அர்த்தம். அந்தப் பாதியை வைத்துக்கொண்டு வியாழக்கிழமை முழுக்க அந்த வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. குழந்தை மட்டும் பேசியது.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரி ஹாலில் குழந்தை பாலுக்கு அழுதது. பத்மப்ரியாவின் ரவிக்கை நனைந்தது, அவள் புடவையை இழுத்து மூடிக்கொண்டு குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டினாள். குழந்தை மார்பைத் தேடித்தேடி முகத்தைத் தேய்த்தது. வாலாம்பாள் தூரத்து நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். ஒருதரம் எழுந்து வந்து, நான் கொஞ்சம் நடக்கட்டுமா என்று கையை நீட்டினாள். பத்மப்ரியா காதில் விழாத மாதிரி இருந்தாள். நர்ஸ் வந்து குழந்தையை வாங்கிக்கொண்டு போனாள். கதவு சாத்திக்கொண்டது. அழுகை கொஞ்ச தூரம் கேட்டது, பிறகு சட்டென்று நின்றுவிட்டது. மருந்து வேலை செய்திருக்கும். மஹேஷ் பத்மப்ரியாவின் கையைப் பிடித்தான். அவள் விடவும் இல்லை, பிடிக்கவும் இல்லை.

டாக்டர் வெளியே வந்தபோது முகக்கவசம் போட்டிருந்தார், முகத்தைப் பார்த்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியவில்லை. அதைக் கழற்றிய பிறகுதான் சொன்னார். உள்ளே ஒன்றும் இல்லை, கட்டியும் இல்லை கிட்டியும் இல்லை, இது அப்பன் கொடுத்த கண், அவ்வளவுதான் என்றார். நல்ல கண்ணைத் தினமும் கொஞ்ச நேரம் ஒட்டி மூடவேண்டும், அப்போதுதான் சோம்பேறிக் கண் வேலை செய்யும், பிறகு கண்ணாடியோ ஆபரேஷனோ பார்த்துக்கொள்ளலாம் என்றார். பத்மப்ரியா தலையாட்டிக் கேட்டாள். அவர் போனதும் நாற்காலி பக்கத்தில் இருக்க, தரையில் உட்கார்ந்துவிட்டாள். பெருக்குகிறவள் ஒருத்தி அவளைச் சுற்றிப் பெருக்கிக்கொண்டு போனாள்.

பரணிலிருந்து டப்பாக்கள் இப்போது இறங்கிவிட்டன. பெங்களூர்க்காரிக்குப் போன வாரம் கண் அனுப்பியிருக்கிறாள். மாமியாரோடு வேண்டிய பேச்சு மட்டும்தான். உப்பு இருக்கிறதா, கதவைத் தாழ் போட்டாயிற்றா, அவ்வளவு.

கண்ணை மூடுகிற வேலை யாருடையது என்பதை மட்டும் முதல் நாளே தீர்த்து வைத்துவிட்டாள். ஸ்டிக்கர் மாதிரி ஒரு துணியைக் குழந்தையின் வலது கண்ணில் ஒட்டினாள். குழந்தை அலறிக்கொண்டு பிய்க்க வந்தது. அப்படியே தூக்கி வாலாம்பாளின் மடியில் வைத்தாள்.

"கையைப் பிடிச்சுக்கோங்கோ. தெனம் இது நீங்கதான் பண்ணணும்."

அன்றிலிருந்து காலையில் சுவருக்கு அந்தப்பக்கம் ஒரே ரகளை. குழந்தை அடிக்கும், கடிக்கும், வாலாம்பாளின் முகத்தில் கீறும். அவள் இரண்டு பிஞ்சுக் கையையும் ஒரு கையால் பிடித்துக்கொண்டு காக்காயைக் கூப்பிடுவாள், டம்ளரைத் தட்டுவாள், பம்பாய் ரயில் மாதிரிக் கத்துவாள். கண் இன்னும் நேராகவில்லை. ஆகும் என்கிறார் டாக்டர்.

நேற்று நான் அங்கேதான் இருந்தேன். குழந்தை அழுது ஓய்ந்து, மூடாத அந்தச் சோம்பேறிக் கண்ணால் வாலாம்பாளின் முகத்தை இங்குமங்கும் பார்த்தது. பிறகு கையை நீட்டி, தடவாமல் தேடாமல் நேரே அவள் காதுத்தோட்டைப் பிடித்தது. பிடித்து இழுத்தது. வாலாம்பாள் ஐயோ என்று தலையைச் சாய்த்தாள், பத்மா, பத்மா என்று கூப்பிட்டாள். பத்மப்ரியா பிளேடைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். உடனே விடுவிக்கவில்லை. குழந்தையின் விரல் தோட்டில் எங்கே பிடித்திருக்கிறது என்று குனிந்து நன்றாகப் பார்த்தாள், பார்த்தபிறகுதான் விடுவித்தாள்.